குழல் நீளமும் குறியும்

சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள மார்சிலிங், ரப்பரும் அன்னாசியும் வளர்த்த லிம் நீ சூனின் தோட்டப் பெயரைத் தாங்கியது. தோட்டத் துரைமாரின் வேட்டைத் துப்பாக்கியை நம் முன்னோர் எட்ட நின்றே பார்த்தார்கள். குழல் நீண்டால் ரவை தூரம் போகும் என்று நாமும் கேட்டே வளர்ந்தோம். கருமருந்துக் காலத்தில் அது ஓரளவு உண்மை. அம்மருந்து மெல்ல எரிவதால், முழு விசை பெற நீண்ட குழல் வேண்டியிருந்தது. 1880களில் புகையற்ற மருந்து வந்ததும் கணக்கு மாறியது. 1920களில் லண்டனில் துப்பாக்கி செய்த ராபர்ட் சர்ச்சில், 25 அங்குலமே போதும் என்றார். 30 அங்குலத்துக்குப் பழகியவர்கள் எளிதில் ஏற்பார்களா? புதர்க்காட்டில் குட்டைக் குழல் சட்டென்று திரும்பும். வெட்டவெளியில் பறக்கும் பறவையைத் தொடர நீண்ட குழல் நிதானம் தரும். ரவையின் சிதறலைப் பெரிதும் தீர்மானிப்பது குழல் வாயின் குறுக்கமே. விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவருக்கு அந்தச் சிதறல்தான் கவலை! இன்று மார்சிலிங்கில் அடுக்குமாடி வீடுகள். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் சிறையோடு பிரம்படியும் உண்டு.