ஒறாபி பாஷாவின் கொழும்பு நண்பர்கள்

இளமை கடந்தபின் ஏற்படும் நட்பை நாம் பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதுகிறோம். அஸர் தொழுகையின் பின் கூடிப் பேசிக் கலையும் உறவு என்பதற்கு மேல் அதற்கு மதிப்பளிப்பதில்லை. ஆனால் நமது சமூக வரலாற்றில் அத்தகைய நட்பொன்று பெரும் பணியைச் செய்திருக்கிறது.

1882 செப்டெம்பரில் தல் அல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற அஹ்மத் ஒறாபி பாஷாவும் அவரது தோழர் அறுவரும் 1883 ஜனவரியில் கொழும்பு வந்திறங்கினர். கவிஞரும் முன்னாள் பிரதமருமான மஹ்மூத் ஸாமி அல்பாரூதியும் அவர்களுள் ஒருவர். போர்க்களத்தில் ஒன்றாக நின்றவர்களிடையே புகலிட வாழ்வில் மனக்கசப்புகள் வளர்ந்தன. மூவர் இந்த மண்ணிலேயே மௌத்தாகினர். பழைய தோழமை தேய்ந்த அந்த ஆண்டுகளிலேதான் ஒறாபிக்குப் புதிய நண்பர்கள் வாய்த்தனர்.

அவர்களுள் அறிஞர் சித்தி லெப்பை முதன்மையானவர். கண்டியில் பிறந்த சட்டத்தரணி. 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். அரபு மொழி அறிந்திருந்த அவருக்கு எகிப்து தொலைதூர நாடாக இருக்கவில்லை. 1885ல் அவர் வெளியிட்ட ‘அசன்பே சரித்திர’த்தின் நாயகன் எகிப்தில் பிறந்தவனே என்பதும் நோக்கத்தக்கது.

மற்றவர் கட்டட நிர்மாணி வாப்பிச்சி மரைக்கார். 1877ல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை அவர் கட்டியது. அதனைக் கட்டுவித்த தேசாதிபதி வில்லியம் கிரகரி, பதவி நீங்கிய பின் எகிப்து சென்று, ஒறாபிக்கு ஆதரவாக லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதியவர் என்பது வரலாற்றின் விந்தை.

ஆங்கிலக் கல்வி என்றாலே மதமாற்ற அச்சம் எழுந்த காலம் அது. 1884ல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் சித்தி லெப்பை தொடங்கிய பாடசாலை நீடிக்கவில்லை. ஆயினும் நண்பர்கள் சோர்ந்துவிடவில்லை. 1892 ஆகஸ்டில் மருதானையில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. அன்று வாப்பிச்சி மரைக்காருக்கு வயது 63, சித்தி லெப்பைக்கு 54, ஒறாபிக்கு 51. ஒருவரிடம் எழுத்தும் சிந்தனையும், ஒருவரிடம் பொருளும் கட்டும் திறனும், ஒருவரிடம் மக்கள் மதித்த பெயரும் இருந்தன. தனித்து நின்றிருந்தால் எவராலும் இது இயன்றிராது.

நகர வாழ்விலும் இந்த உறவின் தடயம் பதிந்தது. எகிப்தியர் அணிந்த துருக்கித் தொப்பி கொழும்பு முஸ்லிம்களிடையே பரவியது. 1905ல் அத்தொப்பியுடன் வழக்காட சட்டத்தரணி எம்.சீ. அப்துல் காதருக்கு உயர் நீதிமன்றம் தடைவிதித்தபோது, மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டனம் தெரிவித்தனர்.

1898ல் சித்தி லெப்பை காலமானார். 1901ல் ஒறாபி தாயகம் திரும்பினார். அங்கே புதிய தலைமுறைத் தேசியவாதிகள் அவரைத் தோல்விக்குப் பொறுப்பாளியாகவே கண்டனர். சொந்த நாடு புறக்கணித்தவரை அந்நிய நகரமொன்று நன்றியுடன் நினைத்தது. 1911ல் அவரும் மறைந்தார். மூவரிலும் மூத்தவரான வாப்பிச்சி மரைக்கார் 1925 வரை வாழ்ந்தார்.

நமது வரலாற்று நூல்கள் இவர்களைத் தனித்தனிப் பெரியார்களாகவே பாராட்டுகின்றன. விழா மலர்களில் தனித்தனிப் படங்கள், தனித்தனிக் கட்டுரைகள். அவர்களை நண்பர்களாகச் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஸாஹிரா எவ்வாறு உருவானது என்பது விளங்கும். முதுமையை நெருங்கும் நம்முடைய கூடல்களுக்கும் அதில் ஒரு படிப்பினை உண்டு.