பாதமும் பாதையும்: மாத்தளை வரலாறு தரும் படிப்பினை

மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் கோப்பி, தேயிலை ஆகியவற்றின் வரலாறாகவோ, தொழிற்சங்கம், குடியுரிமை ஆகியவற்றின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மக்களின் பாதங்களிலிருந்து அதனை நோக்கியோர் மிகச் சிலரே. மாத்தளை மாவட்டத்தைப் பொறுத்தவரை அவ்வாறு நோக்குதற்குத் தக்க காரணம் உண்டு. நடை தளர்ந்தவனுக்கு மருந்து மட்டும் போதுமா, அவன் மிதிக்கும் நிலமும் திருந்தவேண்டுமா என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இங்கு எழுந்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நூறு மைலுக்கு மேற்பட்ட அவ்வழியை அவர்கள் நடந்தே கடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் பலரைப் பலிகொண்டன. காலிற் புண்பட்டவன் கூட்டத்துடன் செல்லவியலாது பின்தங்கினான். அக்காட்டிற் பின்தங்குதல் உயிருக்கே ஆபத்தாயிற்று. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது அந்நெடுநடை பழங்கதையாகிவிட்டது. ஆயின், தோட்டத்து வெறுங்கால் வாழ்வு மாறவில்லை.

அவ்வெறுங்கால் வழியாகவே மற்றொரு பகை புகுந்தது. கொழுக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து உடலுட் செல்லும் என்பதை எகிப்திலே பணியாற்றிய ஆர்தர் லூஸ் 1898 அளவில் அவதானித்தார். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பாதங்களிற் காணப்பட்ட சேற்றுப்புண்ணுக்கும் இப்புழுவுக்கும் உள்ள தொடர்பை 1902இல் பென்ற்லி எடுத்துக்காட்டினார். பாதத்திற் சிறு அரிப்பாகத் தொடங்கும் இந்நோய், குடலிற் குருதியை உறிஞ்சி, மலையேறும்போது மூச்சுத்திணறலாகவும் கால்தளர்ச்சியாகவும் வெளிப்படும். அமெரிக்கத் தென்மாநிலங்களிலே இதனைச் 'சோம்பற் கிருமி' எனப் பத்திரிகைகள் அழைத்தன. சோம்பல் எனக் கருதப்பட்டது உண்மையிற் குருதிச்சோகையே.

றொக்பெல்லர் மன்றத்தின் சார்பில் விக்டர் ஹைசர் 1915இல் இலங்கைக்கு வந்ததைத் தொடர்ந்து, 1916இல் இந்நோய்க்கெதிரான இயக்கம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கியது. பரிசோதிக்கப்பட்டோரிற் பெரும்பாலாரிடம் புழு காணப்பட்டது. மருந்து புழுவை வெளியேற்றியது. தொழிலாளர் தெம்பு பெற்றனர். எனினும் மலசலகூடமின்றி மண் மாசுற்றிருந்தவிடத்துக் குணமடைந்தவனின் பாதத்தினூடாகப் புழு மீண்டும் புகுந்தது. மருந்தை வரவேற்ற தோட்டத்துரைமார் பலர், மலசலகூடங்களுக்கான செலவை ஏற்கத் தயங்கினர். தொழிலாளரை வேலைக்கு மீட்ட மருத்துவம், அவர்கள் நடந்த நிலத்தை மீட்காது விட்டது. இவ்வியக்கத்தின் சாதனையும் குறையும் ஒருங்கே இதில் அடங்கும்.

இப்படிப்பினை இன்று வேறொரு நோய்க்கும் பொருந்துகின்றது. மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ குருதிக்கலன் வெடிப்பதாலோ ஏற்படும் பாரிசவாதத்திலிருந்து உயிர்தப்பியோர் பலருக்கு ஒருபுறப் பாதம் முன்னே தொங்கிவிடும். விரல்கள் நிலத்தில் உராயும். அதனைத் தவிர்க்கக் காலை வெளிப்புறமாக வீசி நடப்பர். உணர்ச்சி குன்றிய பாதத்திற் கல் குத்தினும் தெரியாது. நீரிழிவும் இருப்பின் சிறுபுண்ணும் பெருங்கேடாகும். ஆதலால் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்தல், விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல், கணுக்கால் இறுகாதவாறு பயிற்சியளித்தல், கழன்றுவிடும் செருப்பைத் தவிர்த்துக் குதிகாலைப் பற்றும் பாதணி அணிதல் ஆகியன இன்றியமையாதன.

ஆயின், இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து மலைச்சரிவிலுள்ள லயக்காம்பராவுக்குத் திரும்பும் முதியவருக்கு இவ்வறிவுரை மட்டும் போதுமோ? வழுக்கும் படியும், கைப்பிடியற்ற ஒற்றையடிப் பாதையும், இருளில் எட்டத்திலுள்ள மலசலகூடமும் அவரை மீண்டும் வீழ்த்தும். வைத்தியசாலையிற் பயின்ற நடையை வீட்டுவாசல் பறித்துவிடும். படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி, வாசலுக்கு ஒரு விளக்கு, வழுக்காத தரை ஆகியவற்றையும் சிகிச்சையின் பகுதிகளாகக் கொள்ளுதல் வேண்டும். 1916இல் மருந்தோடு நின்றுவிட்ட தவறு, இன்று வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடும் தவறாகத் தொடர்தல் தகாது.