பர்ன்அவுட்: டயர் புகையும் தீ வித்தையும்

வண்டியின் முன்சக்கரத்தைப் பிரேக்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் வேகமாகச் சுழலவிட்டு டயரைச் சூடாக்குவதே பர்ன்அவுட். டிராக் ரேஸ் எனப்படும் நேர்கோட்டுப் பந்தயத்தில், புறப்படுவதற்கு முந்தைய சில நொடி ஆயத்தம் இது. தரையில் எரிபொருளை ஊற்றிப் பற்றவைத்து அதன்மேல் சக்கரத்தைச் சுழற்றுவது தீ பர்ன்அவுட். முதலாவது பந்தயக்காரர்களின் தேவையிலிருந்து வந்தது. இரண்டாவது கூட்டத்தின் கைதட்டலுக்காக வந்தது. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் சாலையில் செய்துபார்ப்பதால்தான் இன்று உயிர் போகிறது.

பந்தய டயரின் ரப்பர் மிக மென்மையானது. பள்ளமோ வரியோ இல்லாதது. குளிர்ந்திருக்கும்போது அது தரையைச் சரியாகப் பிடிக்காது. சூடேறினால் இளகி, பசைபோல ஒட்டும். சுழற்சியில் டயரில் ஒட்டிய மணலும் தூசியும் கழன்றுவிடும். தரையிலும் புது ரப்பர் படலம் ஒன்று படியும். வண்டி பிறகு அந்தப் படலத்தின் மேலிருந்தே பாயும். மேலே எழும் வெண்புகை, சூட்டில் ஆவியாகும் ரப்பரும் அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்களும்தான்.

சாலை டயரின் கதை வேறு. பல்லாயிரம் கிலோமீட்டர் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட கெட்டியான ரப்பர் அது. அதைத் தேய்த்தால் மேற்பரப்பு வழவழத்துப்போகும், பிடிப்பு கூடுவதில்லை. பர்ன்அவுட் அடித்த டயரைக் கழற்றிப் பார்த்தால் நடுப்பட்டையில் வரிகள் அழிந்து, கருத்து மினுங்கும். இன்னும் தேய்ந்திருந்தால் நூல் வெளியே தெரியும். அந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறினால், வெடிப்பதற்கு ஒரு சின்னக் கல் போதும். பைக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்பிரேக்கைப் பிடித்திருக்கும் விரல் ஒரு கணம் தளர்ந்தால், சூடேறிய பின்டயர் சட்டென்று தரையைக் கவ்வும். வண்டி எதிரே நிற்பவர்மேல் பாயும். படம் எடுப்பவர் வழக்கமாக நிற்கும் இடமும் அந்த எதிர்ப்பக்கம்தான்.

டிராக் பந்தயம் அமெரிக்காவில் முறைப்படுத்தப்பட்டது. வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியதன் நோக்கமே, தெருவில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்களைத் தடத்துக்குள் கொண்டுவருவதுதான். கால் மைல், அதாவது 402 மீட்டர், பந்தயத் தூரமாயிற்று. பிடிப்புக்காகத் தொடக்கத்தில் ரோசின் பொடி தூவினார்கள். பிறகு சக்கரத்தின் கீழ் வெளுப்புக் கரைசல் ஊற்றினார்கள். கடைசியில் வெறும் தண்ணீரே போதும் என்று கண்டார்கள். இடையில்தான் தீ புகுந்தது. பிடிப்புக்கான பசைத் திரவத்தையோ பெட்ரோலையோ தரையில் ஊற்றிப் பற்றவைத்து, சுடர் சக்கரத்தைச் சுற்றி எழ வண்டியை நகர்த்தினார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. டயருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வண்டிகளுக்கும் ஆட்களுக்கும் தீ பரவும் ஆபத்துதான் மிச்சம். 1970களில் தீ பர்ன்அவுட்டுக்குப் பந்தயச் சங்கம் தடை போட்டது. தீயோடு வாழப் பழகியவர்களே தேவையில்லை என்று கைவிட்டது இது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தீத்தடுப்பு உடையும் தீயணைப்பு வண்டியும் இருந்தும் அங்கே விபத்து ஓயவில்லை. 2008 ஜூன் 21 அன்று நியூஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் தடத்தில் இயந்திரம் வெடித்துத் தீப்பற்றிய காரில் ஸ்காட் கலிட்டா உயிரிழந்தார். அதன்பின் உச்சப் பிரிவுகளுக்கான தூரம் 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் வேகப் பந்தயம் சோழவரத்தில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது; பிற்பாடு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடம் அமைத்துக்கொண்டது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் வந்தது. தேசிய அளவிலான மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடந்திருக்கிறது. வேகத்தில் ஆசையுள்ள இளைஞருக்கு முறையான வழி இல்லாமல் இல்லை.

ஆனால் நம் திண்டுக்கல் சமவெளியில் அப்படி ஒரு தடம் இல்லை, நெடுஞ்சாலைகள்தான் இருக்கின்றன. கரூரிலிருந்து மதுரை நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, திருச்சியையும் பழனியையும் இணைக்கும் 83, தேனிப் பக்கம் பிரியும் 183 எல்லாம் இவ்வூரில் சந்திக்கின்றன. நாலுவழிச் சாலையின் நேர் நீளம் பந்தயத் தடம்போலக் கண்ணை ஏமாற்றும். ஆனால் அதே சாலைகளில்தான் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி லாரிகள் போகின்றன. தைப்பூசத்துக்கு முருக பக்தர்கள் விடிய விடியப் பழனிக்குப் பாதயாத்திரை நடக்கிறார்கள். சாலையோரப் புல் கோடையில் சருகாகக் கிடக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும்.

சாலையில் செய்யும் வண்டி வித்தைகளின் விளைவுகளை 2023ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது. செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே, முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வீலிங் செய்த யூடியூபர் ஒருவர் கீழே விழுந்து காயமடைந்து கைதானார். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு முடக்கப்பட்டது. நவம்பரில் தீபாவளியை ஒட்டித் திருச்சி அருகே சிறுமருதூர்ப் பகுதியில், பைக்கில் பட்டாசு கட்டி வெடிக்கவிட்டபடி வீலிங் செய்த காணொளி பரவி, வழக்கும் கைதும் தொடர்ந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல்முறை மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. வண்டியை எடுத்தது சிறுவன் என்றால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

நெருப்போடு விளையாடுவது நம் ஊருக்குப் புதிதில்லை. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் பக்தர்கள் பூக்குழி இறங்குகிறார்கள். சிலம்பக்காரர்கள் பந்தம் கட்டிய கம்பைச் சுழற்றுகிறார்கள். அவற்றுக்குக் காலம், இடம், விரதம், ஆசான் என்று கட்டுப்பாடு உண்டு. பந்தத்துக்கு மண்ணெண்ணெயைத் தேர்வதிலும் அறிவு இருக்கிறது. மண்ணெண்ணெய் பற்றுவதற்கான ஆவி சுமார் 38 பாகை செல்சியசுக்கு மேல்தான் எழும். பெட்ரோல் ஆவியோ உறைபனிக்குக் கீழே 40 பாகையிலும் எழும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, ஊற்றியவரின் காலடிக்கே வந்து நிற்கும். தீக்குச்சியை உரசியதும் பற்றுவது சக்கரத்தின் அடியில் மட்டுமல்ல. பந்தய வீரர் தீத்தடுப்பு உடை அணிகிறார். சாலையில் நிற்கும் பையனின் பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் மண்ணெண்ணெயை வாயில் வைத்துத் தீ ஊதுவதும் இதே வகை விபரீதம். சில துளி மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் கடுமையாக அழற்சி கொள்ளும்.

உடையில் தீப்பற்றியவரை ஓடவிடாதீர்கள். தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள், அல்லது கனத்த பருத்திப் போர்வையால் மூடி அணையுங்கள். தீ அணைந்ததும் புண்மேல் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பேனா மை, பற்பசை, தோசைமாவு எதுவும் தடவாதீர்கள். ஆம்புலன்சுக்கு எண் 108.