பேய் சாட்சி சொன்ன ஊர்

சேலம் என்றதும் நமக்கு மாங்கனியின் மணம் நினைவிற்கு வரும். 1944-ஆம் ஆண்டு நீதிக்கட்சி, திராவிடர் கழகம் எனப் புதுப்பெயர் பூண்ட மாநாடும் நினைவிற்கு வரும். நான் சொல்ல வந்த சேலம் அதுவன்று. கடல் கடந்து, அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்திலே, அட்லாண்டிக் கரையிலே இருக்கும் துறைமுகப் பட்டினம் அது.

அங்கே ஒரு வீடு. 1668-இல் ஜான் டர்னர் என்ற கடல் வணிகர் கட்டியது. கரிய பலகைச் சுவர். கூர்கூராக எழுந்து நிற்கும் முகடுகள். உள்ளே, புகைபோக்கியை ஒட்டி, காண வருவோர்க்குக் காட்டப்படும் மறைவான படிக்கட்டு. பேய் குடியிருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று கேட்கும் பிள்ளைக்கு, இதோ இப்படி என்று கைநீட்டிக் காட்டலாம்! அந்த வீட்டுக்கு உரியவராய் வாழ்ந்த சுசன்னா இங்கர்சால் என்ற அம்மையாரைக் காண, உறவினன் ஒருவன் வந்து போவான். நத்தானியேல் என்பது அவன் பெயர். 1804-இல் பிறந்தவன். மாலுமித் தந்தையை நான்கு வயது நிறையும் முன்பே பறிகொடுத்தவன். பதினாறு வயதிலே, தன் கையாலேயே எழுதி, வீட்டார் மட்டும் படிக்கும் செய்தித்தாள் ஒன்றை நடத்தியவன். ஏடுகளும் எழுதுகோலுமே அவனுக்குத் தோழர்கள்.

ஊர்க் கதைகளையும் பழைய பதிவுகளையும் புரட்டப் புரட்ட அவன் கண்ட பேய், எந்த முகட்டிலும் தொங்கவில்லை. தன் குடிப்பெயரிலேயே குந்தியிருந்தது. 1692-இல் அந்த ஊரையே சுடுகாடாக்கிய சூனிய வழக்குகளில் முன்னின்று விசாரித்த நீதிபதி ஜான் ஹாத்தார்ன், அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன்!

அந்த வழக்குகளின் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

1692-ஆம் ஆண்டின் தொடக்கம். சேலம் சிற்றூரின் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில், ஒன்பது வயது மகளும் பதினொரு வயது உறவுப் பெண்ணும் உடல் முறுக்கிக் கதறினர். மருத்துவருக்கு நோய் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல நா எழவுமில்லை. தீயசக்தியின் வேலை என்றார்! அப்புறமென்ன? யார் ஏவியது என்ற கேள்வி பிறந்தது. முதலில் விரல் நீண்டது யார் மீது? டிட்டூபா என்ற அடிமைப் பெண் மீது. சாரா குட் என்ற, வீடுவீடாகக் கையேந்திப் பிழைத்த ஏழை மீது. நோயுற்றுக் கோவிலுக்கு வராமல் நின்றுவிட்ட சாரா ஆஸ்பர்ன் மீது. மாளிகைகளை விட்டுவிட்டு மண்குடிசையைத் தேடிப்போகும் இந்தப் பேய்களின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஜான் ஹாத்தார்ன் விசாரணை நடத்திய முறை இன்றும் ஏட்டில் இருக்கிறது. நீ சூனியம் செய்தாயா என்று அவர் கேட்கவில்லை. எந்தத் தீய ஆவியோடு உனக்கு உறவு என்றுதான் சாரா குட்டைக் கேட்டார். குற்றம் முடிவாகிவிட்டது, கேள்வி வெறும் சடங்கு. அதைவிடக் கொடுமை, அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சான்று. இன்னாளுடைய ஆவி நேற்று இரவு வந்து என் கழுத்தை நெரித்தது என்று ஒருத்தி சொன்னால் போதும். அந்த நேரத்தில் இன்னாள் தன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாள் என்று பத்துப் பேர் சொன்னாலும் பயனில்லை. உறங்கியது உடல், வந்தது ஆவி! இந்த வாதத்தை எந்த வழக்கறிஞர் முறியடிக்க முடியும்? மனிதன் சொல் அம்பலம் ஏறவில்லை. பேயின் சாட்சி ஏறிற்று.

எழுபதைக் கடந்த ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டியைக் குற்றமற்றவர் என்றே நடுவர்கள் முதலில் கூறினர். மறுபடி யோசித்து வாருங்கள் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிற்று; யோசித்து, கயிற்றோடு வந்தார்கள். அவர் குடும்பத்தாருக்கும் குற்றஞ்சாட்டிய புட்னம் குடும்பத்தாருக்கும் இடையே பழைய எல்லைத் தகராறு உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்க. எண்பதை எட்டிய கைல்ஸ் கோரி, இந்த நீதிமன்றத்தின் விசாரணைக்கு இணங்க மறுத்தார். மார்பின் மீது கல்லேற்றி நசுக்கியே கொன்றனர். பத்தொன்பது பேர் தூக்கில். குறைந்தது ஐவர் சிறைக்குள்ளேயே மாண்டனர். சாரா குட்டின் மகள், நான்கைந்து வயதுக் குழந்தை. அவளுக்கும் விலங்கு, அவளும் சூனியக்காரி! தாய் தூக்கிலேறினாள். மாதக்கணக்கில் சிறையிருந்து வெளிவந்த அந்தக் குழந்தை, பின்னர் அறிவு தெளிந்து வாழவேயில்லை என்று தகப்பன் முறையீட்டு மனுவிலே எழுதினான்.

ஆளுநர் பிப்ஸின் மனைவி மீதே பழி எழுந்த காலத்தில், 1692 அக்டோபரில், அந்த நீதிமன்றம் கலைக்கப்பட்டது. மேலிடத்தைத் தொட்டதும் பேய்களுக்கு மவுசு குறைந்துவிட்டது!

வெறி தணிந்த பிறகு வெட்கம் வந்தது, சிலருக்கு. நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல், 1697-இல் பாஸ்டன் கோவிலில் எழுந்து நின்று, தன் குற்ற ஒப்புதலை ஊரறியப் படிக்கச் செய்தார். பன்னிரண்டு வயதில் பலர் மீது பழி சுமத்திய ஆன் புட்னம், 1706-இல் மன்னிப்புக் கேட்டாள். சாத்தான் தன்னை ஏமாற்றிவிட்டான் என்றாள். மன்னிப்பிலும் பழியைத் தாங்க ஒரு பேய் தேவைப்பட்டது, பாருங்கள்! 1711-இல் அரசு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென 578 பவுன் 12 ஷில்லிங் ஒதுக்கிற்று. ஜான் ஹாத்தார்னோ வாய் திறக்கவில்லை. 1717-இல் மதிப்போடு மறைந்தார். அவர் பெயர் பொறித்த கல் சேலத்தின் பழைய இடுகாட்டில் நின்றது. தூக்கிலிடப்பட்டவர்களுக்கோ கல்லும் இல்லை, குழியும் தெரியவில்லை. எந்த மேட்டில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள் என்பதை ஆய்வாளர்கள் உறுதி செய்ததே 2016-இல்தான்.

இந்தப் பெருமானின் வழிவந்தோம் என்று அறிந்த இளைஞன் என்ன செய்வான்? நம்மில் பலர் செய்வதை அவனும் செய்திருக்கலாம். நீதிபதி பரம்பரை என்று நிமிர்ந்து நடந்திருக்கலாம். படத்துக்கு மாலையிட்டு, ஆண்டுதோறும் படையலிட்டிருக்கலாம். அவன் தன் குடிப்பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டான். ஹாத்தார்ன், ஹாதோர்ன் ஆயிற்று. காரணத்தை அவன் எழுதி வைக்கவில்லை. அந்த நீதிபதியிடமிருந்து விலகி நிற்கவே என்பது பலர் கருத்து. எழுத்துமாற்றம் எளிய வேலை. அரிய வேலையை நாற்பதுகளின் நடுவிலே செய்தார். 1850-இல் வெளிவந்த நாவலின் முன்னுரைப் பகுதியிலே, முன்னோர் செய்த கொடுமைக்கான வெட்கத்தை நான் ஏற்கிறேன் என்று அச்சிலேயே அறிவித்தார். அடுத்த ஆண்டு வந்தது ‘ஏழு முகட்டு வீடு’. ஏழையின் நிலத்தின் மீது ஆசை கொண்ட பெரிய மனிதர், அவனைச் சூனியக்காரன் என்று தூக்குக்கு அனுப்ப முன்னின்று, அந்த நிலத்திலே வீடு கட்டுகிறார். தலைமுறை தலைமுறையாக அந்த வீடு வதைபடுகிறது. மந்திரவாதியை அழைத்தால் தீரும் பேயல்ல அது. நிலப்பத்திரத்தில் இருக்கிறது அதன் வேர்.

இவ்வளவு கண்டவர் எல்லாம் கண்டாரா? இல்லை. 1852-இல் தம் கல்லூரி நண்பர் பிராங்க்ளின் பியர்ஸ் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுத்தார் ஹாதோர்ன். அதிலே, அடிமை முறையை மனிதர் முயன்று ஒழிக்க வேண்டியதில்லை, கடவுள் தம் காலத்திலே மறையச் செய்வார் என்ற பொருள்பட எழுதினார்! நூற்றறுபது ஆண்டுக்கு முந்தைய பாவத்துக்கு நாணியவர், கண்ணெதிரே விலங்கோடு நின்ற நீக்ரோவைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டார். எனக்கு அவரிடம் உள்ள மதிப்பு இந்த இடத்திலே தடுக்கி விழுகிறது.

அந்த வீடு பின்னர் நல்ல கைக்குப் போயிற்று. காரலைன் எமர்ட்டன் என்ற அம்மையார் 1908-இல் அதை வாங்கிப் புதுப்பித்து, 1910-இல் கட்டணம் பெற்றுக் காட்சிக்குத் திறந்தார். அந்த வருவாயைக் கொண்டு, பிழைப்புத் தேடி வந்து குடியேறிய ஏழைகளுக்கு வகுப்புகளும் தொழிற்பயிற்சியும் நடத்தினார். பேய் வீட்டைக் காண வந்தவன் காசு, ஏழைக்கு எழுத்தறிவாயிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு அது பெரிதாகப் படுகிறது. பக்கத்து ஊரான ஆண்டோவரைச் சேர்ந்த எலிசபெத் ஜான்சன் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். ஆளுநர் அதை நிறுத்தி வைத்ததால் உயிர் பிழைத்தாள். ஆனால் 1711-இலும், 1957-இலும், 2001-இலும் அரசு பழி நீக்கியபோது அவள் பெயர் விடுபட்டுவிட்டது. அவளுக்குப் பிள்ளையில்லை, வழித்தோன்றல் இல்லை, கேட்க ஆளில்லை. வடக்கு ஆண்டோவர் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பதின்மூன்று பதினான்கு வயதினர், ஆசிரியையின் துணையோடு இதைக் கண்டெடுத்தனர். பழைய ஏடுகளைப் படித்தனர். சட்டமன்றத்தாருக்குக் கடிதம் எழுதினர். ஒரு வகுப்பு தேறிப் போனதும் அடுத்த வகுப்பு அந்த வேலையைத் தொடர்ந்தது. 2022-ஆம் ஆண்டு, தீர்ப்புக்கு 329 ஆண்டுகளுக்குப் பின், எலிசபெத் ஜான்சன் சூனியக்காரி அல்லள் என்று மாசசூசெட்சு சட்டம் இயற்றிற்று. அவளுக்காக மனுக்கொடுத்த அந்தப் பிள்ளைகள், உறவு காரணமாக வந்தவர்கள் அல்லர்.