பிலிம் என்னும் தோல்

பழைய ஆங்கிலத்தில் ‘பில்மன்’ என்றொரு சொல் இருந்தது. உடலுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுக்கு அது பெயர். லத்தீனில் தோலைக் குறிக்கும் ‘பெல்லிஸ்’ இதே வேரில் கிளைத்தது. அதிலிருந்து வந்ததுதான் இத்தாலியர் படச்சுருளுக்கு வழங்கும் ‘பெல்லிகோலா’. ஸ்பானியருக்கு அது ‘பெலிகுலா’. இரண்டுக்கும் ‘சிறு தோல்’ என்றே பொருள். பில்மன் பிலிமாகத் தேய்ந்தபோது, காய்ச்சிய பாலின்மேல் ஏடு படிவதுபோல எதன்மேலும் படியும் படலத்துக்கெல்லாம் அது பெயராயிற்று.

புகைப்படக் கலைக்குள் இந்தச் சொல் ‘சுருள்’ என்ற பொருளோடு நுழையவில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றிப் பரப்பிய, ஒளியை உணரும் பூச்சையே அது குறித்தது. 1851இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறையில் அந்தப் பூச்சு, கொலோடியன். அமிலத்தில் ஊறவைத்த பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கிடைக்கும் பிசுபிசுத்த திரவம் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மருத்துவர்கள் அதைப் புண்ணின்மேல் தடவத் தொடங்கியிருந்தார்கள். ஈதர் ஆவியானதும் காயத்தின்மேல் புதுத்தோல் போர்த்தியதுபோல் இறுகிவிடும்.

ஈதர் ஆவி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், 1871இல் கொலோடியனுக்குப் பதில் ஜெலட்டினை முன்வைத்தார். ஜெலட்டின், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ‘சவ்வு’ என்று பெயர் வாங்கிய பொருள் உண்மையிலேயே தோலிலிருந்து செய்யப்படலாயிற்று! யாரும் யோசித்து வைத்த பொருத்தமல்ல இது. அதனாலேயே இந்தச் சொல்லின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமாக இருக்கிறது.

அந்தத் தோலின் வாசனை பிறகும் விடவில்லை. சில ஜெலட்டினில் செய்த பூச்சு ஒளியைச் சட்டென்று உணர்கிறது, சிலவற்றில் செய்தது மந்தமாக இருக்கிறது, ஏன்? 1920களில் கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் இதைத் துருவிப் பார்த்தார். கடுகின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களின் வகையே துளியளவில் ஜெலட்டினில் இருந்தது. மாடு மேய்ந்த கடுகு இனச் செடிதான் பிலிமுக்கு வேகம் தந்திருக்கிறது.

பூச்சின் பெயர் எப்படிச் சுருளுக்குப் போனது? ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1880களின் நடுவில் ஜெலட்டினைக் காகிதத்தின்மேல் பூசி விற்றார். படம் கழுவிய பிறகு பூச்சை மட்டும் பக்குவமாக உரித்தெடுக்க வேண்டும். அப்போதும் உரிந்து வந்ததுதான் பிலிம். காகிதம் அதற்கு வெறும் தாங்கி. 1889இல் காகிதத்தின் இடத்துக்குச் செல்லுலாய்டு வந்தது. கொலோடியனுக்கு உதவிய அதே வகை நைட்ரேட் பஞ்சோடு கற்பூரம் சேர்த்துச் செய்தது அது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவியதால் உரிக்கும் வேலை ஒழிந்தது. பூச்சும் தாங்கியும் சேர்ந்தே ‘பிலிம்’ ஆயின. எடிசனின் ஆய்வகத்தில் டிக்சன் அதை 35 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, ஒரு பிரேமுக்கு இருபுறமும் நான்கு நான்கு துளையிட்டு ஓடவிட்டார். சுருளிலிருந்து அதில் பதிந்த கதைக்குப் பெயர் தாவ அதிக காலம் பிடிக்கவில்லை. தமிழில் அது மேலும் ஓடி, வீண் பகட்டுக் காட்டுகிறவரிடம் ‘பிலிம் காட்டாதே’ என்று சொல்லும் இடம்வரை வந்திருக்கிறது.

ஆனால் பிலிம் ஓடிய காலத்தில் முதற்பொருளை மறக்காத ஓர் இடமாக இருந்தது தியேட்டரின் ஆபரேட்டர் அறை. அறுந்த பிலிமின் எந்தப் பக்கம் பூச்சு என்று தெரிய, ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டிக்கொள்ளும் பக்கமே பூச்சு. பிறகு அந்தப் பக்கத்து ஓரத்தை ஈரப்படுத்தி, வெறும் தாங்கி தெரியும்வரை பிளேடால் சுரண்டுவார்கள். ஜெலட்டின் இருந்தால், அறுந்த இடத்தை ஒட்டும் பிலிம் சிமெண்ட் பிடிக்காது.

இதே பூச்சில்தான் வெள்ளியும் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு, நுண்துகளான வெள்ளியேதான். ஓடி முடித்த பிரதிகள் பலவற்றை அந்த வெள்ளிக்காகக் கழுவிவிட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ இல்லை. எது எரிந்தது, எது மக்கியது, எது கழுவப்பட்டது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கழுவப்பட்டவற்றில் செல்லுலாய்டு மிஞ்சியது, பிலிம்தான் போய்விட்டது.