ஐம்பது வினாடிக் குடும்பம்

பழைய சினிமா என்றதும் நமக்குப் புராணமும் ராஜா ராணி கதையும்தான் ஞாபகம் வரும். ஆனால் பாரிஸில் 1895 டிசம்பர் 28 அன்று, காசு கொடுத்து வந்த 33 பேருக்கு லூமியேர் சகோதரர்கள் காட்டிய பத்துப் படங்களில் ஒன்று, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும் காட்சி. அப்பா ஓகுஸ்த் கரண்டியால் ஊட்டுகிறார். அம்மா மார்கரீத் காப்பி கலக்குகிறார். குழந்தை ஆந்த்ரே கையிலுள்ள பிஸ்கட்டை எதிரே நீட்டுகிறது. எதிரே காமிராவோடு நிற்பது அதன் சித்தப்பா லூயி! கதை இல்லை, வசனம் இல்லை. ஐம்பது வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் குழந்தை 1918 விஷக்காய்ச்சலில், 24 வயதில் இறந்துபோனது.

இதன் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை (என்ஜினீயர் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்). பிலிம் ஓடிக்கொண்டே இருந்தால் படம் கலங்கிவிடும்; நின்று நின்றுதான் நகர வேண்டும். இதற்கு லூயிக்கு வழிகாட்டியது தையல் மெஷின். ஊசி மேலே போன நேரத்தில்தானே துணி நகர்கிறது? அதேபோல, வெளிச்சம் மறைந்திருக்கும் நேரத்தில் ஒரு கொக்கி பிலிமை இழுத்து விடுகிறது. வினாடிக்குச் சுமார் 16 தடவை. நூலும் துணியுமாக வாழும் அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு இந்த அதிசயம் 1896 ஜூலை 7இல் வந்தது. (நம்ம திருச்சுழி வேங்கடராமன் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பியது அதே ஆண்டு ஆகஸ்டில்தான்.) அன்றைய ஆறு படங்களில் குழந்தை படம் இல்லை. தென்னாட்டுக்கு 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வந்தார். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். நம் ஜனங்கள் திரையில் முதலில் பார்த்தது அயல்நாட்டு முகங்களைத்தான்.

ஆசியக் குழந்தைகளையும் அந்தக் காலத்தில் படம் எடுத்தார்கள். எப்படித் தெரியுமா? லூமியேர் கம்பெனி ஆளான காப்ரியேல் வேர் 1900 வாக்கில் வியட்நாமில் எடுத்த படத்தில், இரண்டு பிரெஞ்சுச் சீமாட்டிகள் காசை வீச, பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்குகிறார்கள். ஊட்டுகிற படத்தை எடுத்தவர் சித்தப்பா. இதை எடுத்தவர் அந்நியர். வித்தியாசம் அங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

தமிழின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' கூட இன்று ஒரு பிரதி இல்லை. அப்படியிருக்க, நம்ம கரிசல் காட்டுக் குடும்பத்தை யார் எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்! நமக்கு மிஞ்சியவை 1980, 90களின் கல்யாண, காதுகுத்து கேசட்டுகள். வீடியோக்காரருக்கு மேடைதான் கண்ணில் பட்டது. அப்பத்தா ராட்டையில் தார் சுற்றியதையோ, பருத்தி எடுத்துவிட்டு மடி கனக்க வீடு திரும்பியதையோ அவர் எடுக்கவில்லை. ஆனாலும் பந்தி ஓரத்தில், அடுப்படி வாசலில், யாராவது ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பது தற்செயலாகப் பதிவாகியிருக்கும். அதற்காகவே அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

வி.எச்.எஸ். பிளேயர் தயாரித்த கடைசிக் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சை ஏறுமுன் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். படிக்கிற தம்பி தங்கைகளே, பிளேயர் கிடைக்காவிட்டால் சங்கத்தில் என் பெயரைச் சொல்லிக் கேளுங்க. என் வீட்டில் ஒன்று இன்னும் ஓடுகிறது.