கறி மீனும் தோத்திரமும்

திருகோணமலை உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றில் ஒரு கை பிடித்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மடி கரையேறியதும் இரண்டு கை நிறையச் சூடை மீனை அள்ளி, "கறிக்கு வைச்சுக்கொள்" என்று பையில் போடுவார்கள். சிறுவயதில் நானும் வாங்கியிருக்கிறேன். கொடுத்தவரிடம் எவரும் நன்றி என்று சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் அம்மம்மா மீனைச் சட்டியில் கொட்டி, அது பளபளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்பார். பிறகு ஒரு பங்கை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்.

நன்றி சொல்லாத ஊர் நன்றியில்லாத ஊரா? சொல்லின் பழைய பொருள் அப்படி நினைக்க விடாது. 'நல்' என்ற அடியிலிருந்து நன்று, நன்மை, நன்றி எல்லாம் வருகின்றன. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது பிறர் செய்த நன்மை. அதை அறிந்து வைத்திருப்பதே பெற்றவரின் கடமை. 'நன்றி கொல்லுதல்' என்ற வழக்கையும் பாருங்கள்: கொல்லப்படுவது வாய்ச்சொல் அன்று, நமக்குக் கிடைத்த நன்மை. உதவி பெற்றதும் சொல்லும் ஒற்றைச் சொல்லாக நன்றி நின்றது பிற்காலத்தில்தான்.

அம்மம்மாவின் தோத்திரம் வடசொல். ஸ்தோத்திரம் என்றால் புகழ்ச்சி, புகழ்ப்பாட்டு. சைவர்கள் பன்னிரு திருமுறையைத் தோத்திரம் என்றும் மெய்கண்ட நூல்களைச் சாத்திரம் என்றும் பிரிப்பார்கள். எங்கள் ஊர்ச் சிவனான கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகமும் தோத்திரமே. அதே சொல்லைக் கிறிஸ்தவர்கள் எடுத்து, புகழோடு நன்றியையும் அதில் ஏற்றினார்கள். யோவான் நற்செய்தியில் ஒரு சிறுவனின் 5 வாற்கோதுமை அப்பத்தையும் 2 மீனையும் பகிர்வதற்கு முன் இயேசு செய்ததைக் கிரேக்கம் 'யூகரிஸ்தெயோ' என்ற வினையால் சொல்கிறது. புரொட்டஸ்தாந்தரின் பழைய வேதாகமத்தில் அது 'ஸ்தோத்திரம்பண்ணி'. 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'நன்றி செலுத்தி'.

கத்தோலிக்கர் திருப்பலியில் பெறும் 'நற்கருணை'யும் அந்த வினையின் உறவுதான். கிரேக்கத்தில் 'யூ' நல்ல, 'காரிஸ்' அருள். இரண்டும் சேர்ந்த 'யூகரிஸ்தியா' நன்றிகூறல். தமிழ் அதை உறுப்பு உறுப்பாக நல் + கருணை என்று பெயர்த்ததுபோல் இருக்கிறது. நன்றிகூறல் என்ற பொருள் அதில் விட்டுப்போனது என்று குறைப்படுவோர் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. காரிஸ் கிரேக்கத்தில் பெற்ற அருளையும் குறிக்கும், அதற்குச் செலுத்தும் நன்றியையும் குறிக்கும். நம் நன்றியும் அப்படி இரு பக்கமும் நிற்கிற சொல்தானே.

இன்னொன்று, வேற்றுமை உருபு பற்றியது. தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் 'எல்லாவற்றிலேயும்' ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறார். அது 'இல்', 'ஆக' அன்று. எபேசியருக்கு எழுதியதில் 'எல்லாவற்றிற்காகவும்' வருகிறது. அந்த 'ஆக' எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது, ஏனென்றால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எங்கள் கரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். கடல் எடுத்ததற்காக அம்மம்மா ஒருபோதும் தோத்திரம் சொல்லவில்லை. யாராவது சொல்லச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

ஆனால் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், இரண்டாம் நாள் மத்தியானம் சோற்றுப் பார்சல் வந்தது. பருப்பும் ஒரு துண்டு கருவாடும். அம்மம்மா பிரித்து வைத்து, பழைய குரலில் "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றார். பிறகு லஞ்ச் சீற்றை நடுவால் கிழித்து, பாதிச் சோற்றைக் கருவாட்டோடு அந்தப் பக்கம் வைத்து, சுவரோடு சாய்ந்திருந்த பெண்ணின் முன்னால் தள்ளினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாள்.